தட்டு இழுக்க, வண்டி ஓட: முடுக்கத்தை அளந்து பார்த்த குறிப்புகள்

விசை என்பது நிறையையும் முடுக்கத்தையும் பெருக்கியது. இதை மேசைமேல் ஒரு சின்ன வண்டியை ஓடவிட்டுச் சரிபார்க்கலாம் என்று இறங்கினால், முதல் நாள் வரும் எண்கள் கணக்கோடு ஒட்டவே ஒட்டாது. சூத்திரத்தில் பிழை கிடையாது. கணக்கில் சேர்க்காமல் விட்ட விசையும் நிறையும் எங்கேயோ ஒளிந்திருக்கும்.

தேவைப்பட்டவை: 120 செ.மீ. நீளமுள்ள வழவழப்பான பலகை, நாலு சக்கர வண்டி, பலகையின் முனையில் பொருத்த ஒரு சிறிய பிளாஸ்டிக் கப்பி, மெல்லிய தையல் நூல், 10 கிராம் எடையுள்ள தட்டு, தலா 10 கிராம் வரும்படி நிறுத்துப் பொறுக்கிய நாலு வாஷர்கள். வண்டியில் பாரம் ஏற்றி அதன் நிறையை 450 கிராமாக வைத்தோம். வண்டி, தட்டு, வாஷர்கள் எல்லாம் சேர்த்து மொத்தம் 500 கிராம். வண்டியில் கட்டிய நூல் கப்பியின்மேல் போய், மறுமுனையில் தட்டைத் தொங்கவிடுகிறது. தட்டின் அடிப்பாகம் தரைக்குமேல் சரியாக 60 செ.மீ. உயரத்தில் நிற்கும்படி நூலை அளந்து கட்டியாயிற்று. நூல் பலகைக்கு இணையாக ஓட வேண்டும். சாய்ந்திருந்தால், வண்டி கப்பியை நெருங்க நெருங்கக் கோணம் கூடி, இழுப்பும் மாறிக்கொண்டே போகும்.

வாஷர்கள் நாலும் முதலில் வண்டியில்தான் இருக்க வேண்டும். தட்டில் எடை கூட்ட, வண்டியிலிருந்து ஒன்றை எடுத்துத் தட்டில் போட வேண்டும். புதிதாக வெளியிலிருந்து போட்டால் மொத்த நிறை மாறிவிடும். முடுக்கத்தின் வரைபடம் நேர்கோடாக வராமல் வளையும். தட்டின் எடை வண்டியை மட்டும் இழுப்பதில்லை, தன்னையும் சேர்த்தே முடுக்குகிறது. தட்டுப் பக்கம் 50 கிராம் இருக்கும்போது புவியீர்ப்பு இழுப்பது 0.49 நியூட்டன். அது 500 கிராமுக்கும் சேர்த்துத் தருவது 0.98 மீ/வி². நூலின் இழுவிசையோ 0.49 அல்ல, வண்டியின் 450 கிராமுக்குத் தேவையான 0.44 நியூட்டன்தான். மாணவர்கள் அதிகம் இடறும் இடம் இது.

நேரத்தைக் கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தி அளப்பது இங்கே சரிப்படாது. ஓட்டம் 1.1 வினாடியில் முடியும்போது 0.1 வினாடி பிசகினால் நேரத்தில் 9 சதவீதம் பிழை. முடுக்கம் நேரத்தின் இருமடியைப் பொறுத்தது என்பதால் அதில் ஏறக்குறைய 18 சதவீதம். போனில் வினாடிக்கு 240 ஃபிரேம் எடுக்கும் ஸ்லோமோஷன் போதும். சில போன்கள் அந்த வீடியோவின் தொடக்கத்தையும் முடிவையும் சாதாரண வேகத்தில் ஓட்டிக் காட்டும். ஆகவே திரையில் தெரியும் நொடியை நம்பாமல் ஃபிரேம்களை எண்ணுங்கள். அளவுப் பட்டையைப் பலகையின் முன் விளிம்பிலேயே ஒட்டுங்கள். வண்டிக்கு 10 செ.மீ. பின்னால் ஒட்டி, 2 மீட்டர் தள்ளிப் படம் எடுத்தால், தூரம் 5 சதவீதம் கூடுதலாகத் தெரியும்.

வண்டியைக் கையால் பிடித்து விடுவதும் கூடாது. விரல் எடுக்கும்போதே ஒரு சிறு தள்ளல் சேர்ந்துவிடுகிறது. வண்டியின் பின்பக்கத்தைப் பருத்தி நூலால் கட்டி, அந்த நூலைத் தீக்குச்சியால் எரித்து அறுத்ததில் தொடக்கம் துல்லியமாக வந்தது.

முதல் சுற்றில் பலகை சமதளமாக இருந்தது. வெறும் தட்டோடு வண்டி பல தடவை நகரவே இல்லை. 20 கிராமுக்கு 1.75 வினாடி வர வேண்டிய இடத்தில் 2.21 வந்தது. 50 கிராமுக்கு 1.11க்குப் பதில் 1.22. எடை குறைய குறையப் பிழை பெருகுகிறது என்றால், மாறாத ஒரு விசை எதிர்த்து நிற்கிறது என்று பொருள். தட்டின் நிறையை ஒரு பக்கமும் முடுக்கத்தை மறு பக்கமும் வைத்து வரைந்தால், கோடு நேராகத்தான் வருகிறது; ஆனால் சுழியில் தொடங்காமல் 7 கிராம் அருகில் அச்சை வெட்டுகிறது. அந்த 7 கிராமின் எடைதான் உராய்வு. இந்தக் கோட்டைத் தவறு என்று கிழித்துப் போடாதீர்கள். உராய்வை அளக்க இதைவிட எளிய வழி கிடையாது.

இரண்டாம் சுற்றில், உராய்வைச் சரிவால் ஈடுகட்ட, கப்பி இல்லாத முனையை 1.8 செ.மீ. உயர்த்தினோம். 450க்கு 7 கிராம் என்றால் 120 செ.மீ.க்கு ஏறக்குறைய அவ்வளவுதான் வரும். நூலைக் கழற்றிவிட்டு வண்டியை மெல்லத் தட்டினால், ஒவ்வொரு 10 செ.மீ.க்கும் ஒரே எண்ணிக்கையில் ஃபிரேம்கள் வர வேண்டும். எண்ணிக்கை குறைந்துகொண்டே போனால் சரிவு அதிகம். கூடிக்கொண்டே போனால் போதவில்லை. ஒரு சரிவு பிடிபட்டுவிட்டால் வண்டியில் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் அதை மாற்ற வேண்டாம். பாரத்தோடு உராய்வும் கூடும், சரிவில் கீழ்நோக்கிய இழுப்பும் அதே விகிதத்தில் கூடும்.

இப்போது கோடு சுழி வழியாகப் போயிற்று. தட்டுப் பக்கம் 10, 20, 30, 40, 50 கிராம் இருக்கும்போது நேரங்கள் வரிசையாக 2.53, 1.78, 1.46, 1.26, 1.13 வினாடி. ஆனாலும் எல்லா முடுக்கமும் ஒரே மாதிரி 4 சதவீதம் குறைவு. மொத்த நிறை 500 அல்ல, 520 கிராம் என்பது போல வண்டி நடந்துகொண்டது.

தராசு பொய் சொல்லவில்லை. சக்கரங்கள் முன்னே போவதோடு சுழலவும் வேண்டும். சுழல வைக்கவும் விசை செலவாகிறது. திண்ணிய வட்டான சக்கரம் உருளும்போது அதன் நிறையில் பாதி கூடுதலாகச் சேர்ந்ததுபோல இருக்கும். நிலைமத் திருப்புத்திறன் பற்றிப் பாடத்தில் படிப்பது இதைத்தான். ஒரு சக்கரத்தைக் கழற்றி நிறுத்தால் 10 கிராம். நாலுக்கும் சேர்த்துக் கூடுதல் 20 கிராம். 4 கிராம் கப்பி சேர்க்கும் 2 கிராம் அளவீட்டுப் பிழைக்குள் அடங்கிவிடுகிறது. 1784இல் இங்கிலாந்துக் கணித அறிஞர் ஜார்ஜ் அட்வுட் தன் கப்பிப் பொறியை விளக்கி நூல் வெளியிட்டார். அதில் கப்பியின் அச்சை வேறு சக்கரங்களின் விளிம்பின்மேல் உருளவிட்டு உராய்வைக் குறைத்திருந்தார். அவருக்கும் தலைவலி இதே இடத்தில்தான்.

தட்டு தரையைத் தொட்ட பிறகும் வீடியோவை நிறுத்த வேண்டாம். 20 கிராம் ஓட்டத்தில், தட்டு தொடும் வரை 10 செ.மீ.க்கான ஃபிரேம்கள் குறைந்துகொண்டே வந்தன. நூல் தளர்ந்த அந்தக் கணத்திலிருந்து 36, 36 என்று நின்றுவிட்டன. இழுப்பு போயிற்று, வேகம் போகவில்லை. நியூட்டனின் முதல் இயக்க விதியை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு கருவி வேண்டியதில்லை. பலகையின் முனையில் ஒரு ஸ்பாஞ்ச் மட்டும் வையுங்கள். இல்லாவிட்டால் வண்டி கப்பியை உடைத்துவிடும்.

கடைசியாக, தட்டுப் பக்கத்தை 20 கிராமிலேயே நிறுத்தி, மொத்த நிறையை 500, 750, 1000 கிராம் என்று கூட்டியதில் முடுக்கம் 0.38, 0.25, 0.19 மீ/வி². நிறையை ஒரு அச்சிலும் 1 வகுத்தல் முடுக்கத்தை மறு அச்சிலும் வைத்து வரைந்த நேர்கோட்டைப் பின்னோக்கி நீட்டினால், அது சுழியைத் தாண்டி 20 கிராம் அளவுக்கு இடப்பக்கம் போய் நிறை அச்சை வெட்டுகிறது. அதே சக்கரங்கள், அதே 20 கிராம்.