மகாமக்கள்

நான்கு மாதம் என் மேசையில் பாரதி மட்டும்தான் இருந்தார். கவிதை அல்ல, கட்டுரைகள். நான் மெய்ப்புப் பார்த்துவந்த பதிப்பகம் அவருடைய பத்திரிகை எழுத்திலிருந்து ஒரு தொகுப்பு கொண்டுவர முடிவு செய்திருந்தது. முன்பாதி அரசியல், பின்பாதி இலக்கியம் என்று திட்டம்.

1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வாரப் பத்திரிகை சிவப்புத் தாளில் அச்சானது. கறுப்பு வெள்ளை நகலில் அந்தச் சிவப்பு சாம்பலாகிவிடும், எழுத்து அதற்குள் முங்கிக் கிடக்கும். லென்ஸ் வைத்துத்தான் படிப்பேன். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய ‘னை’யும் ‘லை’யும் தும்பிக்கையைத் தூக்கிக்கொண்டு நிற்கும். தட்டச்சு செய்த பெண் சின்ன வயசு, அந்த எழுத்துகளைப் பார்த்ததே இல்லை. பாதித் திருத்தம் அதிலேயே போனது.

பெரிய தப்பு என் கையால் நடந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு எளிதாக இருக்கட்டும் என்று ‘ஜனங்கள்’ எல்லாவற்றையும் கம்ப்யூட்டரில் ஒரே கட்டளையில் ‘மக்கள்’ ஆக்கிவிட்டேன். மறுநாள் பதிப்பாசிரியர் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். “ஏம்மா, மகாமக்கள்னா யாரு?” மகாஜனங்கள் அப்படி ஆகியிருந்தார்கள். அதே கட்டளையைத் திருப்பிப் போடவும் வழியில்லை. பாரதியே ‘மக்கள்’ என்று எழுதிய இடமும் இருந்தது. பத்திரிகை நகலையும் தட்டச்சுப் பிரதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து முதலிலிருந்து உட்கார்ந்தேன். மூன்று நாள்.

அந்த மூன்று நாளில்தான் உண்மையாகப் படித்தேன் என்று சொல்ல வேண்டும். 1907 சூரத் காங்கிரஸ் சமயத்து எழுத்தில், ஆங்கிலேயரிடம் நிதானமாகப் போகச் சொன்ன மிதவாதிகள் மீது அவருக்கு எவ்வளவு கோபம்! அவர் விடாமல் தாக்கிய மிதவாதிகளில் ஒருவர் வி. கிருஷ்ணசாமி ஐயர். அதே மனிதர்தான் அந்த வருஷமே பாரதியின் பாட்டுகளைக் கேட்டு மனம் உருகி, 15,000 பிரதி அச்சிட்டு இலவசமாகக் கொடுத்தார். இதை அடிக்குறிப்பில் எழுதும்போது எனக்குக் கை கொஞ்சம் நடுங்கியது. கட்சி அப்படி, தமிழ் இப்படி.

அப்புறம் 1916-இல் எழுதிய ‘ஜப்பானியக் கவிதை’ வந்தது. புதுச்சேரியில் இருந்துகொண்டு ஜப்பானின் சின்னஞ்சிறு பாட்டை, அதன் சுருக்கத்தை, ஆசை ஆசையாகப் புகழ்கிறார். சரி, இது அமைதியான கட்டுரை என்று நினைத்துக்கொண்டே போனால், கடைசியில் கவிதை ஒரேயடியாகச் சுருங்கிப்போனாலும் நல்லதில்லை என்று வாதத்துக்கு நிற்கிறார். மிதவாதியிடம் மல்லுக்கு நின்ற அதே ஆள்தான் இங்கேயும். இவரை எந்த இடத்தில் இரண்டாக அறுப்பது?

பதிப்பாசிரியரிடம் போய், “சார், பகுதி பிரிக்க வேண்டாம், தேதி வரிசையில் போடுவோம்” என்றேன். பக்க எண், பொருளடக்கம் எல்லாம் மாறும் என்றார். மாறட்டும், நானே செய்கிறேன் என்றேன். அன்று ராத்திரி ஒன்பது மணி வரை இருந்து முதல் நாற்பது பக்கத்தை மாற்றி அடுக்கிவிட்டுத்தான் கிளம்பினேன்.