காறை எலும்புக் குழியில் ஒரு முடிச்சு

எண்பதுகளின் தொடக்கத்தில் எங்களோடு படித்தவர்களுக்கு அந்த முதலுதவி வகுப்பு நினைவிருக்கும். விஞ்ஞானகூடத்துக்குப் பின்னால், வேப்பமரத்தடியில். சென் ஜோன் அம்புலன்ஸ் அணிக்குப் பொறுப்பாயிருந்த மாஸ்டர் வெளுக்காத துணியைச் சதுரமாக எடுத்து, மூலைக்கு மூலை வெட்டி, ஆளுக்கொரு முக்கோணம் தருவார். ஒருநாள் நான் கட்டிய கட்டை அவிழ்த்துவிட்டு, "முடிச்சு எலும்பிலை உறுத்தக்கூடாது தம்பி, இந்தக் குழிக்குள்ளை இருக்கோணும்" என்று என் காறை எலும்புக்கு மேலே பெருவிரலால் அழுத்திக் காட்டினார். செஞ்சிலுவை போட்ட இடத்தில் ஒருவரும் சுடமாட்டார்கள் என்றும் அவர்தான் சொன்னார். நாங்கள் நம்பினோம். பிறகு எங்கள் ஊரில் போர் வந்து நடந்தவற்றை இந்த மலர் வாசிப்பவர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

பிரிஸ்பேனில் எங்கள் பக்கத்து வீட்டு வெள்ளைக்கார அம்மா ஒருமுறை படியில் வழுக்கி விழுந்துவிட்டார். மணிக்கட்டு வீங்கிவிட்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகுமுன் தலையணை உறையைக் கிழித்துக் கையைத் தூக்கிக் கட்டினேன். முடிச்சைக் குழியில் இறக்கி நுனிகளைச் செருகியபோது அவர் என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். "என் அண்ணாவும் அங்கேதான் வைப்பான்" என்றார்.

அண்ணா இரண்டாம் உலகப்போரில் ஆஸ்திரேலியப் படையின் 2/12ஆவது கள அம்புலன்ஸ் பிரிவில் காயக்காரரைத் தூக்கும் சிப்பாய். கப்பலேறுமுன் வீட்டுக்கு வந்த லீவில், ஒன்பது வயதுத் தங்கைக்குத்தான் கட்டுப்போட்டுப் பழகினாராம். கை, முழங்கால், தலை என்று கட்டாத இடமில்லை.

அவர் போன கப்பல் சென்டோர். 1943 மே 12 சிட்னியிலிருந்து புறப்பட்டு, கெயின்ஸ் வழியாகப் போட் மோர்ஸ்பிக்குப் போகவேண்டிய ஆஸ்பத்திரிக் கப்பல். வெள்ளை உடல், பச்சைப் பட்டி, பெரிய செஞ்சிலுவைகள், முகப்பில் 47 என்ற இலக்கம். இரவிலும் தெரியும்படி விளக்குகள் எரிந்தன. 14ஆம் திகதி விடிகாலை நாலு மணி கடந்து, குயின்ஸ்லாந்துக் கரைக்கப்பால் ஜப்பானிய நீர்மூழ்கி ஒன்று டோர்பிடோ விட்டது. மூன்று நிமிடத்தில் கப்பல் போய்விட்டது. உதவிச் செய்தி அனுப்பவும் நேரமிருக்கவில்லை. 332 பேரில் 64 பேர், ஒன்றரை நாள் மிதந்த பின், அமெரிக்கப் போர்க்கப்பல் மக்ஃபோர்ட் கண்டதால் பிழைத்தார்கள். பன்னிரண்டு தாதிகளில் தப்பியவர் எலன் சவேஜ் ஒருவரே. தன் விலா எலும்புகள் முறிந்திருந்ததை வெளியே காட்டாமல் தெப்பத்தில் இருந்தவர்களைக் கவனித்தவர் அவர். ஜோர்ஜ் பதக்கம் கொடுத்தார்கள். அண்ணாவின் பிரிவில் இருந்தவர்களில் மிகச் சிலரே கரைசேர்ந்தார்கள். அண்ணா அந்தச் சிலரில் இல்லை.

உடலைக் காணாத வீட்டின் துக்கம் எப்படிப்பட்டதென்று எங்கள் ஆட்களுக்குத் தெரியும். அந்த அம்மா அதைப் பற்றிப் பேசியபோது எனக்கு ஊரில் இரண்டு வீடுகள் கண்முன் வந்தன. இங்கே அவற்றை எழுத என்னால் முடியவில்லை.

2009 டிசம்பரில், மோர்ட்டன் தீவுக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டருக்கும் கூடிய ஆழத்தில் கப்பலைக் கண்டுபிடித்தார்கள். சில வாரங்களில் படங்கள் தொலைக்காட்சியில் வந்தன. அந்த அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். 66 வருடம் உப்புத் தண்ணீரில் கிடந்தும் அந்தச் சிலுவையும் 47 என்ற இலக்கமும் தெரிந்தன. அவர் அழவில்லை. கிட்டப்போய், கண்ணாடியை மூக்கில் ஏற்றிவிட்டுக்கொண்டு, படம் மாறும்வரை பார்த்தார்.

பிறகு உள்ளே போய் ஒரு பிஸ்கற் ரின்னைக் கொண்டுவந்தார். அதற்குள் மஞ்சளடித்துப்போன ஒரு முக்கோணத் துணி. அண்ணா விட்டுப்போனது. மேசையில் விரித்து, மடிப்புகளைக் கையால் நீவி, மேல்முனையை அடி விளிம்புக்குக் கொண்டுவந்து பாதியாக மடித்து, மறுபடியும் பாதியாக மடித்தார்.

மாஸ்டர் எங்களுக்குச் சொல்லித்தந்த அதே மடிப்பு.