உழவாரம்

"ஐயா, அங்க கம்பி பிரஷ் போடாதீங்க. எழுத்து இருக்கு."

சொன்ன பையனுக்கு 20 வயது இருந்தால் அதிகம். கையை எடுத்துவிட்டுப் பார்த்தேன். எண்ணெய்ப் பிசுக்குக்கு அடியில் கல்வெட்டு. 30 வருஷமாக அந்தச் சுவரில் சாய்ந்து பிரசாதம் சாப்பிடுகிறேன், கண்ணில் பட்டதே இல்லை.

கும்பகோணம் பக்கம் எங்கள் ஊர்ச் சிவன் கோயிலுக்கு இன்று உழவாரப் பணிக்கு, அதாவது கோயிலைச் சுத்தம் செய்ய, வந்த பிள்ளைகள் அவர்கள். மொத்தம் 12 பேர். வேன் வாடகையும் அவர்கள் கைக்காசு.

ஒரு பெண் மதில் இடுக்கில் முளைத்த அரசங்கன்றோடு ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினாள். இழுத்துப் பிடுங்கினால் கல்லும் சேர்ந்து வரும்; மேலே வெட்டினால் அடுத்த மழைக்குத் தழைத்துவிடும். சின்னக் கம்பியால் கிளறிக் கிளறி வேரை எடுத்தாள். ஒரு முழ நீளம். அதை மாலையாகப் போட்டுக்கொண்டு ஒரு செல்ஃபி வேறு!

பிராகாரத்தில் அப்பர் நிற்கிறார். 7-ஆம் நூற்றாண்டில் கோயில் கோயிலாகப் போய்ப் புல் செதுக்கியவர். கும்பிட்டிருக்கிறேன், கையில் இருப்பது புல் செதுக்கும் உழவாரம் என்று யோசித்ததில்லை.

'இந்தக் காலத்துப் பசங்க' என்று டீக்கடையில் நான் பேசியதெல்லாம் நினைவுக்கு வந்தது. கூச்சமாகத்தான் இருந்தது.

மதியம் தயிர்சாதம். சாப்பிட்ட இலையையும் அவர்களே எடுத்தார்கள். நன்றி சொல்லப் போனால், "அடுத்த மாசம் குளத்துக்கு வரோம் ஐயா, ரெண்டு மண்வெட்டி மட்டும் எடுத்து வைங்க" என்று வேனில் ஏறிவிட்டார்கள்.

வீட்டில் ஒன்று இருக்கிறது. இன்னொன்று யாரிடமாவது கேட்க வேண்டும்.