திருப்பிச் சொல்லும் ஒழுங்கு

"ஓடுபாதை 25-க்கு முன்பாக நிற்கவும்" என்று சென்னை டவர் (விமான நிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரம்) சொன்னதற்கு, விமானி "ராஜர்", அதாவது "கேட்டுக்கொண்டேன்", என்று மட்டும் பதிலளித்தார். பயிற்சியில் இருந்த கட்டுப்பாட்டாளரோ சற்றும் பதறாமல், ஓடுபாதை எண்ணோடு முழுவதையும் திருப்பிச் சொல்லக் கேட்டு வாங்கினார்.

இன்று மாலை வாட்சிமில், அதாவது விமானிகளாகவும் கட்டுப்பாட்டாளர்களாகவும் ஆர்வலர்கள் இணையவழி பழகும் பாவனைப் பறத்தல் வலையமைப்பில், அவரவர் வீட்டுக் கணினியின் முன் நடந்தது இது. கேட்டுக்கொண்டிருந்த எனக்கு மனம் நிறைந்துவிட்டது.

ஓடுபாதையில் நுழைய, கடக்க, இறங்க, ஏறத் தரப்படும் அனுமதிகளையும் ஸ்குவாக் எண்ணையும் (ரேடார் திரையில் விமானத்தை அடையாளம் காட்டும் நான்கு இலக்க எண்) விமானி திருப்பிச் சொல்லியே ஆக வேண்டும்; அதைக் காதுகொடுத்துச் சரிபார்ப்பது கட்டுப்பாட்டாளரின் கடமை.

1977-இல் ஸ்பெயினின் டெனெரீஃப் தீவு விமான நிலைய ஓடுபாதையில் இரண்டு போயிங் 747 விமானங்கள் மோதி 583 பேர் இறந்த பிறகு இந்த ஒழுங்கு மேலும் இறுகியது.

மீனம்பாக்கத்திலோ இரண்டு ஓடுபாதைகள் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன; அதனால் ஓடுபாதை எண்ணோடு திருப்பிச் சொல்வது அங்கே இன்னும் முக்கியம்.

புதிதாக வரும் தம்பி தங்கைகள், ஏர்பஸ்ஸின் பொத்தான்களைப் படிக்கும் முன்பு, டவர் அலைவரிசையைக் கேட்டபடி அனுமதிகளைத் தாளில் எழுதிப் பழக வேண்டும் என்பேன்.