கொடி பிடித்தவன் சொல்கிறேன்

2024 ஜூன் 11 இரவு. தோஹாவில் கத்தாருக்கு எதிரான கால்பந்து ஆட்டத்தில் இந்தியா 1-0 என்று முன்னிலையில் இருந்தது. இந்த மாதிரி வாக்கியம் எழுதி நமக்குப் பழக்கமில்லை, அதனால் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கிறது. 37ஆவது நிமிடத்தில் சாங்டே அடித்த கோல். ஜெயித்துவிட்டால் உலகக்கோப்பைத் தகுதிச் சுற்றில் மூன்றாம் கட்டத்துக்குப் போய்விடலாம். வீட்டில் எல்லோரும் தூங்கியாயிற்று. நான் போனில் சத்தத்தைக் குறைத்து வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிமிடமாக எண்ணிக்கொண்டிருந்தேன்.

73ஆவது நிமிடத்தில் கத்தாருக்கு ஒரு ஃப்ரீகிக். தலையால் முட்டிய பந்தை நம் கோல்கீப்பர் குர்பிரீத் தடுத்தார். தடுத்த பந்து உருண்டு, கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி வெளியே போனது. நம் ஆட்கள் கார்னர் என்று நினைத்து நின்றுவிட்டார்கள். வெளியே போன பந்தை ஒரு கத்தார் வீரர் காலால் உள்ளே இழுத்துவிட்டார், யூசுஃப் ஐமன் வலைக்குள் தட்டினார். ரெஃப்ரி கோல் கொடுத்தார்.

கோடு கொஞ்சம் மறைந்தது, அரை அங்குலம் இப்படி அப்படி என்கிற கதையெல்லாம் இல்லை. டிவியில் ஒரே ஒரு ரீப்ளே போட்டார்கள், பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெரிந்தது. ஆனால் அந்தச் சுற்றில் வார் கிடையாது. (வீடியோ பார்த்து ரெஃப்ரியின் தப்பைத் திருத்துகிற ஏற்பாடு. வீடியோ அசிஸ்டன்ட் ரெஃப்ரி என்று முழுசாகச் சொல்ல யாருக்குப் பொறுமை இருக்கிறது? நம் பக்கம் எல்லோரும் வார் என்றுதான் சொல்கிறோம்.) ஆக, ஊர் உலகமெல்லாம் பார்த்துவிட்ட ஒன்றை மைதானத்தில் நின்ற அந்த ஒரு மனிதரால் மட்டும் பார்க்க முடியவில்லை. 85ஆவது நிமிடத்தில் கத்தார் இன்னொன்று போட்டது. 2-1. அதே நாள் குவைத் ஆப்கானிஸ்தானை வென்று மேலே போய்விட்டது. நம் சங்கம் புகார் கொடுத்தது, முடிவு மாறவில்லை.

எனக்கு இதில் ஆறவே ஆறாத இடம் ஒன்று உண்டு. அதே தோஹா வட்டாரத்தில், அதற்கு ஒன்றரை வருடம் முன்னால், 2022 டிசம்பர் 1 அன்று உலகக்கோப்பையில் ஜப்பானும் ஸ்பெயினும் ஆடினார்கள். அங்கேயும் இதே கேள்விதான்: பந்து கோட்டைத் தாண்டியதா இல்லையா? ஜப்பானின் மிதோமா ஓடிப்போய்க் கோட்டோரத்தில் பந்தை இழுத்துப் போட்டார், தனாகா கோல் அடித்தார். பார்த்த எல்லோரும் பந்து வெளியே போய்விட்டது என்றோம், நான் உட்பட. கேமராக்கள் பார்த்தன. மேலிருந்து பார்த்தால் பந்தின் வயிறு கோட்டின் விளிம்பைத் தொட்டும் தொடாமலும் நின்றது. ஒன்றிரண்டு மில்லிமீட்டர் சமாச்சாரம். கோல் செல்லும் என்றார்கள், ஜப்பான் ஜெயித்தது, அதே பிரிவில் இருந்த ஜெர்மனி மூட்டை கட்டியது. அந்த உலகக்கோப்பையில் ஆஃப்சைடுக்காகவே (பந்தைத் தள்ளுகிற நொடியில் கடைசி டிஃபெண்டரைத் தாண்டி நிற்கிற தப்பு) ஒவ்வொரு மைதானத்திலும் கூரைக்கடியில் 12 கேமராக்கள். பந்துக்குள்ளே நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சார். ஒரே ஊரில், ஒரே கேள்விக்கு, ஒருவருக்கு மில்லிமீட்டர் கணக்கு, இன்னொருவருக்கு 'எனக்குத் தெரியலப்பா'.

வார் வேண்டுமா வேண்டாமா என்று யாராவது ஆரம்பித்தால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்த இரண்டு ராத்திரிகள்தான். மூன்றாவதாக ஒரு சாயங்காலமும் உண்டு. அதைச் சொல்லத்தான் எனக்குக் கொஞ்சம் வெட்கம்.

2016 பொங்கல் சமயம், வட சென்னையில் ஒரு டோர்னமென்ட், அரையிறுதி. லைன்ஸ்மேனாக வரவேண்டியவர் வரவில்லை. நடத்துகிற அண்ணன் என்னைப் பார்த்து, "தம்பி, நீதான் ரூல்ஸ் எல்லாம் பேசுவியே, வா, கொடியைப் பிடி" என்றார். கொடி என்றால், ஏதோ ஊர்வலத்தில் மிஞ்சிய கம்பில் கட்டிய ஒரு சிவப்புத் துணி. ரூல்ஸ் பேசுகிறவனுக்கு இது தேவைதான் என்று வாங்கிக்கொண்டேன்.

ஆஃப்சைடு பார்ப்பது என்ன வேலை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பந்தைத் தள்ளுகிறவன் முப்பது மீட்டர் அந்தப் பக்கம் இருப்பான். ஓடுகிறவனும் கடைசி டிஃபெண்டரும் இந்தப் பக்கம். இரண்டையும் ஒரே நொடியில் பார்க்க வேண்டும், கடவுள் கொடுத்ததோ ஒரே முகம். அனுபவசாலிகள் என்ன செய்வார்கள் என்றால், கண்ணை டிஃபெண்டர் வரிசையில் வைத்துக்கொண்டு காதால் உதையின் சத்தத்தைப் பிடிப்பார்கள். 'டப்' என்று கேட்கும்போது யார் எங்கே நிற்கிறார்கள் என்பதுதான் கணக்கு. எனக்கும் இதைச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். ஆனால் எனக்குப் பின்னால் பத்தடியில் சவுண்ட் சர்வீஸ்காரர் ஸ்பீக்கர் பாக்ஸ் அடுக்கி வைத்திருந்தார். குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எனக்கு எந்த டப்பும் கேட்கவில்லை.

ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது, 1-0 என்று பின்னால் இருந்த டீமின் விங்கர் பையன் புயல் மாதிரி கிளம்பினான். நான் கொடியைத் தூக்கிவிட்டேன். அவன் அதைப் பார்க்காமல் கோல் போட்டு, சட்டையைக் கழற்றிச் சுழற்றிக்கொண்டு அரை மைதானம் ஓடிவிட்டான். திரும்பிப் பார்த்தபோது ரெஃப்ரி கையைத் தூக்கியபடி என்னைக் காட்டிக்கொண்டிருந்தார். பையன் நேராக என்னிடம் வந்தான். திட்டவில்லை. "அண்ணா, நான் ஆன்சைடுண்ணா" என்றான். மூச்சு வாங்கிக்கொண்டே இன்னொரு தடவையும் அதையே சொன்னான். பதினாறு, பதினேழு வயது இருக்கும்.

ஆட்டம் முடிந்து டீக்கடையில் அவன் டீம் ஆட்கள் ஒரு போனைக் கொண்டுவந்தார்கள். யாரோ எடுத்த வீடியோ. கடைக்காரரின் பில் புக்கை வாங்கி, அதன் ஓரத்தை ஸ்கிரீன் மேல் வைத்துக் கோடு பார்த்தார்கள். பில் புக் சாட்சிப்படி பையன் ஒரு முழம் ஆன்சைடு. எனக்கு முகம் செத்துவிட்டது. அப்புறம் அவர்களில் ஒருவரே, எடுத்தவன் எங்கே நின்றான் என்று கேட்டார். நடுக்கோட்டுப் பக்கம் மரத்தடியில் நின்றிருக்கிறான். அங்கிருந்து சாய்வாகப் பார்த்தால் முன்னால் இருப்பவன் பின்னால் தெரிவான், பின்னால் இருப்பவன் முன்னால் தெரிவான். கேமராவுக்கும் நிற்கிற இடம் என்று ஒன்று இருக்கிறதே. வார் ஆட்கள் மைதானத்தையே அளந்து வைத்துக்கொண்டு கணினியில் கோடு போடுவது இந்தச் சாய்வைச் சரிசெய்யத்தான். டீக்கடையில் அதற்கெல்லாம் வழியில்லை. சண்டை பாதியில் நின்றது. டீக்காசை நான் கொடுத்தேன்.

சரி, அளந்து கோடு போடத் தெரிந்தவர்கள் கையில் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடுமா? நான் இங்கிலாந்தின் லிவர்பூல் கிளப்புக்கு ரசிகன், ஆகவே இதில் கொஞ்சம் சொந்த வயிற்றெரிச்சலும் உண்டு. 2023 செப்டம்பர் 30, டாட்டன்ஹாமுடன் ஆட்டம், நம் நேரத்துக்கு இரவு பத்து மணி. 34ஆவது நிமிடத்தில் லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட்டார், லைன்ஸ்மேன் கொடி தூக்கினார். வார் அறையில் கோடு போட்டுப் பார்த்தார்கள். டியாஸ் ஆன்சைடு, சந்தேகமே இல்லை. இதுவரை எல்லாம் சரி. ஆனால் அந்த அறையில் இருந்தவர், மைதானத்தில் ஏற்கெனவே கோல் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டு, 'செக் முடிந்தது' என்று சொல்லிவிட்டார். அப்படியென்றால் கொடியே சரி என்று மைதானத்தில் எடுத்துக்கொண்டார்கள். ஃப்ரீகிக் அடித்து ஆட்டம் ஓட ஆரம்பித்துவிட்டது. ரீப்ளே பட்டனை இயக்குகிற ஆள்தான் முதலில் தப்பைப் பிடித்தார். அதற்குள் விதி குறுக்கே நின்றது: ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால் பின்னால் போக முடியாது. இரண்டு நிமிடத்தில் சன் ஹியுங்-மின் அந்தப் பக்கம் கோல் போட்டார். கடைசியில் லிவர்பூல் ஒன்பது பேருடன் ஆடி, 90 நிமிடத்துக்கு மேல் சேர்த்த நேரத்தில் சொந்தக் கோல் வாங்கித் தோற்றது.

அந்த அறையின் பேச்சுப் பதிவைச் சில நாள் கழித்து வெளியிட்டார்கள். கேட்டபோது கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. தப்புச் செய்துவிட்டோம் என்று தெரிந்த கணத்தில் அவர்கள் குரல் மாறுவது கேட்கிறது. எனக்கு அந்தச் சவுண்ட் பாக்ஸ் ஞாபகம் வந்துவிட்டது. கோடு துல்லியம், படம் துல்லியம், சொன்ன ரெண்டு வார்த்தைதான் கோளாறு. இன்னொரு கொடுமை, அதே ஆட்டத்தில் லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸுக்கு மஞ்சள் கார்டு சிவப்பாக மாறியது. ரெஃப்ரி மானிட்டருக்குப் போனதும் முதலில் கண்ணில் பட்டது, எதிராளியின் கணுக்காலில் பூட்ஸ் பதிந்து நிற்கிற ஒரு நிறுத்திய படம். காலை அப்படி மிதித்த நிலையில் நிறுத்திவைத்தால் காந்தித் தாத்தாகூட ரவுடி மாதிரிதான் தெரிவார். கோட்டை அளக்கலாம், நோக்கத்தை ஸ்லோ மோஷனில் அளக்க முடியாது. ஹேண்ட்பால் தகராறு முக்கால்வாசியும் இங்கேதான் கிடக்கிறது.

2024 ஜூனில் வுல்வ்ஸ் கிளப், இங்கிலாந்தின் பிரீமியர் லீகிலிருந்து வாரைத் தூக்கிவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தது. 19-1 என்று தோற்றது. அந்த ஒன்று அவர்களுடைய ஓட்டேதான். நார்வேயில் அடுத்த மாதமே ரோசன்போர்க் மைதானத்தில் ரசிகர்கள் வாரை எதிர்த்து மீன் கேக்குகளை எறிந்து ஆட்டத்தையே நிறுத்த வைத்தார்கள். (நம்மூர் மீன் கட்லெட்டுக்குத் தூரத்துச் சொந்தம். அதை எறிய மனசு வந்ததே பெரிய விஷயம்.) ஸ்வீடனில் கிளப் உறுப்பினர்களே ஓட்டுப் போட்டுத் தங்கள் லீகுக்கு வார் வேண்டாம் என்றார்கள். அவர்கள் சொல்வது எனக்குப் புரிகிறது. கோல் விழுந்ததும் பக்கத்துச் சீட்டுக்காரனைக் கட்டிப்பிடிக்கலாமா, இல்லை மூன்று நிமிடம் கழித்துக் கட்டிப்பிடிக்கலாமா என்று யோசிக்கிற நிலைமை நல்லதில்லை. ஆனால் தோஹாவில் தோற்றுவிட்டு உட்கார்ந்திருப்பவனிடம் வந்து இதைச் சொல்லாதீர்கள். சாப்பிட்டவனுக்கு அஜீரணக் கோளாறு, எங்களுக்கு இலையே போடவில்லை.

என் ஆசையைச் சொல்கிறேன். கிரிக்கெட் டிஆர்எஸ் மாதிரி, பாதிக்கப்பட்டவன் கேட்டால் மட்டும் பார்க்கிற முறை. 2024இல் கொலம்பியாவில் நடந்த 20 வயதுக்குட்பட்ட பெண்கள் உலகக்கோப்பையில் ஃபிஃபா இதைச் சோதித்துப் பார்த்தது. ஃபுட்பால் வீடியோ சப்போர்ட் என்று பெயர். ஒவ்வொரு கோச்சுக்கும் இரண்டு முறை கேட்கலாம், முடிவு மாறினால் அந்த வாய்ப்பு கையிலேயே இருக்கும். தனி அறை இல்லை, அறைக்குள் நாலு பேர் இல்லை. கோட்டோரத்தில் ஒரு மானிட்டர், ரெஃப்ரியே போய்ப் பார்த்துக்கொள்வார். 'செக் முடிந்தது' என்று யாரும் யாருக்கும் சொல்லவேண்டியதில்லை. இருக்கிற கேமராவை வைத்துச் சமாளிக்கலாம். குர்பிரீத் கையைத் தூக்கிக் கத்திய அந்த நிமிடத்தில், நம் அப்போதைய கோச் ஸ்டிமாக் 'பாருங்கள்' என்று கேட்கிற ஒரு சீட்டை நீட்டியிருந்தால் முப்பது நொடியில் முடிந்திருக்கும். முழங்கை ஆஃப்சைடா, அக்குள் ஆஃப்சைடா என்கிற ஆராய்ச்சிக்கு இந்த முறை லாயக்கில்லை. எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

கிரிக்கெட்டில் இன்னொரு நல்ல வழக்கம் உண்டு, அம்பயர்ஸ் கால். மெஷினுக்கே உறுதியாகத் தெரியாத இடத்தில் அம்பயர் முதலில் சொன்னதே நிற்கும். நம்மாட்கள் அதைத் திட்டுகிறார்கள், எனக்கு அது பிடிக்கும்.

அந்தப் பில் புக் வீடியோ என்னிடம் இன்னும் இருக்கிறது. அன்றைக்கே கேட்டு வாங்கிக்கொண்டேன். இதை எழுத உட்காரும் முன் மறுபடி கம்ப்யூட்டரில் போட்டு, ஒவ்வொரு ஃபிரேமாக நகர்த்திப் பார்த்தேன். நொடிக்கு முப்பது ஃபிரேம். ஒரு ஃபிரேமில் பந்து இன்னும் காலடியில் இருக்கிறது, விங்கர் பையன் டிஃபெண்டரோடு தோளுக்குத் தோள். அடுத்த ஃபிரேமில் பந்து ஒரு கெஜம் போய்விட்டது, பையன் அரை அடி முன்னால். உதைத்த கணம் இரண்டிலும் இல்லை. சாய்வை விட்டுத்தள்ளினாலும் இதற்குமேல் அந்தப் படத்தில் எதுவும் கிடையாது. முன்னேயும் பின்னேயும் ஒரு இருபது தடவை தட்டியிருப்பேன். பின்னணியில் அந்தக் குத்துப்பாட்டு துண்டு துண்டாக வந்துகொண்டே இருந்தது.