வீட்டுப் பின்பக்கக் குளத்தில் மீன் விடுவதற்கு முன்

டெக்சஸ் புறநகர்களில், குறிப்பாக ஹூஸ்டனைச் சுற்றி, புதிய குடியிருப்பு என்றால் அதற்குள் ஒரு குளமும் கட்டாயம் இருக்கும். வந்து இறங்கிய நம்மவர்களுக்கு அதைப் பார்த்ததும் ஊருணி ஞாபகம்தான் வரும். நாலு குஞ்சு வாங்கி விட்டால் என்ன என்றும் தோன்றும். தாராளமாக விடலாம், ஆனால் அது எதற்காக வெட்டிய குளம் என்று தெரிந்துகொண்டு விட வேண்டும். கூரை, சாலை, புல்வெளி எல்லாவற்றிலிருந்தும் ஓடிவரும் மழைநீரைப் பிடித்து, கான்கிரீட் போக்கு வழியாக மெல்ல வெளியேற்றுவதுதான் அதன் வேலை. மழைக்கு மட்டும் நிரம்பி வற்றிவிடும் பள்ளத்தில் மீன் வளராது. ஆண்டு முழுக்க நீர் நின்று, ஒரு பகுதியாவது ஆறு முதல் எட்டடி ஆழம் இருந்தால்தான் இந்தப் பேச்சே.

அடுத்தது, குளம் யாருடையது. வீட்டுக்காரர் சங்கம், அதாவது எச்.ஓ.ஏ., வைத்திருக்கலாம், ஹூஸ்டன் பக்கம் பல குளங்கள் 'மட்' எனப்படும் யுட்டிலிட்டி மாவட்டத்தின் கையில் இருக்கின்றன. உங்கள் வேலி வரை தண்ணீர் வந்தாலும் குளம் உங்களுடையது ஆகாது. அதை வைத்திருக்கும் அமைப்பின் நிர்வாகக் குழுவிடமிருந்து எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் ஒரு குஞ்சுகூட விடாதீர்கள். நகராட்சிப் பூங்காக் குளம் என்றால் அது பொதுநீர். டெக்சஸ் பார்க்ஸ் அண்ட் வைல்ட்லைஃப் துறையின் பெர்மிட் இல்லாமல் அதில் மீன் விடுவது குற்றம்.

நம்மூர் மீன்வளர்ப்பு தெரிந்தவர்கள்தான் இங்கே அதிகம் தடுமாறுகிறார்கள். அங்கே கட்லா, ரோகு, மிர்கால் என்று கலந்து, ஹெக்டேருக்கு 5,000 முதல் 10,000 குஞ்சு விட்டு, தீனி போட்டு, ஆண்டுக் கடைசியில் வலை இழுத்து மொத்தமாக எடுக்கிறோம். எடைதான் அங்கே கணக்கு. இங்கே தூண்டில் போட்டுப் பிடிப்பதற்கான குளத்தில் இரை மீனும் அதைத் தின்னும் மீனும் ஆண்டுக்கணக்கில் சேர்ந்து வாழவேண்டும். இரை மீன் புளூகில், வேட்டை மீன் லார்ஜ்மவுத் பாஸ். உரமிடாத குளத்தில் ஏக்கருக்கு 500 புளூகில், 50 பாஸ் என்பது இங்கே பழகிய அளவு. உரமிட்டுப் பராமரிக்கும் குளத்தில் இரட்டிப்பாக்கலாம். நம் வீட்டுக் குளங்களுக்கோ புல்வெளி உரம் கேட்காமலே வந்து சேர்கிறது, தனியாக உரமிடவே வேண்டாம்.

ஏக்கர் என்பது 43,560 சதுர அடி, நம் கணக்கில் 100 சென்ட். செயற்கைக்கோள் வரைபடத்தில் கரையைச் சுற்றிக் கோடு இழுத்தால் நீர்ப்பரப்பு கிடைத்துவிடும். கண்ணளவில் சொல்பவர்கள் பெரும்பாலும் கூட்டியே சொல்கிறார்கள், அங்கேயே தவறு தொடங்கிவிடுகிறது. ஒரு ஏக்கருக்குக் குறைந்த குளத்தில் பாஸ் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சின்னக் குளத்தில் பாஸ்–புளூகில் சமநிலை நிற்பதில்லை. ஒன்று பாஸ் பெருகி எல்லாம் பத்து அங்குலத்திலேயே நின்றுபோகும், இல்லையென்றால் உள்ளங்கையளவு புளூகிலால் குளம் நிறையும். அங்கே சேனல் கேட்ஃபிஷ் என்ற கெளுத்தி வகை மட்டும் போதும். தீனி போடாவிட்டால் ஏக்கருக்கு 100. குழந்தைகள் தூண்டிலுக்கும் அது நன்றாகச் சிக்கும்.

வரிசையும் முக்கியம். புளூகிலும் ஃபேட்ஹெட் மின்னோ என்ற சிறிய இரை மீனும் இலையுதிர் காலத்தில் முதலில் போகவேண்டும். பாஸ் குஞ்சு அடுத்த கோடைத் தொடக்கத்தில். இரை மீன் ஒருமுறையாவது குஞ்சு பொரித்திருந்தால்தான் பாஸுக்குச் சாப்பாடு இருக்கும். ஏற்கெனவே பாஸ் உள்ள குளத்தில் மூன்று அங்குலக் கேட்ஃபிஷ் குஞ்சு விடுவது பாஸுக்குத் தீனி போடுவதுதான். எட்டு, பத்து அங்குலம் வளர்ந்ததாக வாங்குங்கள். விலை கூடும், ஆனால் மீன் மிஞ்சும்.

மாநில உரிமம் உள்ள பண்ணையில் மட்டும் வாங்குங்கள். ஆக்சிஜன் நிரப்பிய பையில் வரும் மீனை அப்படியே கொட்டக்கூடாது. பையைக் கட்டவிழ்க்காமல் நிழலில் குளத்தின்மேல் 15 முதல் 30 நிமிடம் மிதக்க விட்டு, பிறகு குளத்து நீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே சேர்த்து, வெப்பநிலை வித்தியாசம் ஐந்து டிகிரி பாரன்ஹீட்டுக்குள் வந்த பிறகு பையைச் சாய்த்தால் மீன் தானே நீந்திப் போகும். அவசரப்பட்டுக் கொட்டியதன் பலன் சில நாள் கழித்துக் கரையோரம் மிதக்கும். அதற்குள் பண்ணைக்காரர்மேல் பழி போயிருக்கும்.

மீன் சாவதற்குப் பெரும்பாலும் நோய் காரணமில்லை, ஆக்சிஜன் குறைவுதான். லிட்டருக்கு 5 மில்லிகிராம் இருந்தால் நிம்மதி. 2க்குக் கீழே போனால் பிழைப்பது கஷ்டம். பகலில் பாசி ஆக்சிஜன் தரும், இரவில் அதுவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளும். வெந்நீரில் ஆக்சிஜன் குறைவாகவே கரையும். ஆகவே ஆகஸ்டில், இரண்டு மூன்று நாள் மேகமூட்டத்துக்குப் பின் வரும் விடியற்காலைதான் ஆபத்து. மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும், பெரிய மீன்தான் முதலில் சாகும். வெள்ளைத் தட்டு ஒன்றைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பாருங்கள்: 18 முதல் 24 அங்குலம் வரை தெரிந்தால் நல்லது. 12 அங்குலத்துக்குள்ளேயே பச்சையில் மறைந்தால் தீனியை உடனே நிறுத்துங்கள்.

நடுவில் அழகுக்கு வைத்த ஃபவுண்டன் மேல்நீரைத்தான் கலக்கும். அடியில் குமிழிவிடும் டிஃப்யூசர் ஏரேட்டர்தான் முழுக் குளத்துக்கும் உதவும். ஆனால் அதை நடுக்கோடையில் புதிதாகப் பொருத்தி முதல் நாளே இரவு முழுக்க ஓட்டினால், அடியில் கிடக்கும் ஆக்சிஜனற்ற நீர் மேலே கிளம்பி மீனைக் கொன்றுவிடும். முதல் நாள் அரைமணி, அடுத்த நாள் ஒரு மணி என்று இரட்டித்துக்கொண்டே போங்கள். பாசிக்குக் காப்பர் சல்பேட் போடும் கம்பெனி வந்தால், நீரின் காரத்தன்மையை அளந்தார்களா என்று கேளுங்கள். 50 பிபிஎம்முக்கு (லிட்டருக்கு 50 மில்லிகிராம்) கீழே அது மீனுக்கு நஞ்சாகலாம். ஒரே நாளில் முழுக் குளத்துக்கும் போடவும் விடாதீர்கள், செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனை உறிஞ்சிவிடும்.

விரால் ஆசையை இங்கே விட்டுவிடத்தான் வேண்டும். உயிருள்ள விரால் இனங்களை நாட்டுக்குள் கொண்டுவர 2002 முதல் மத்தியத் தடை இருக்கிறது. டெக்சஸில் உயிரோடு வைத்திருப்பதே குற்றம். அதே ஆண்டு மேரிலாந்தின் கிராஃப்டனில் ஒருவர் குளத்தில் விட்ட விரால் பெருகி, கடைசியில் ரொட்டனோன் என்ற மீன்கொல்லி மருந்தை ஊற்றிக் குளத்து மீன் எல்லாவற்றையும் கொன்றார்கள். மீன்தொட்டியில் வளர்ந்ததையும் குளத்தில் கொட்டாதீர்கள். நீர்க்களை தின்னும் புல்கெண்டை வேண்டுமென்றால், இனப்பெருக்கம் செய்யாத டிரிப்ளாய்டு வகைக்கு மட்டும், பெர்மிட்டோடு, அனுமதி உண்டு.

இவ்வளவு வேலை வேண்டாம் என்பவர்களுக்கு மாநிலமே நகரப் பூங்காக் குளங்களில் கோடையில் கேட்ஃபிஷ், குளிர்காலத்தில் ரெயின்போ டிரவுட் விடுகிறது; ஹூஸ்டன் அருகிலுள்ள கேட்டி நகரின் மேரி ஜோ பெக்கம் பூங்கா அதில் ஒன்று. 17 வயது முதல் லைசென்ஸ் வேண்டும். ஆறு மாதம் இங்கே வசித்த பிறகுதான் உள்ளூர்வாசி விலையில் கிடைக்கும்.

பாஸ் உள்ள குளத்தில் கேட்ஃபிஷ் குஞ்சு பொரித்தாலும் தப்பிப் பிழைப்பது அரிது. அதனால் யார் எத்தனை எடுத்தார்கள் என்று ஒரு நோட்டில் எழுதிவையுங்கள். விட்டதில் பாதிக்கு மேல் போனதும் மறுபடி வாங்குங்கள். பாஸை எப்போதும் திருப்பி விடுவது இங்கே மரியாதையாகப் பார்க்கப்பட்டாலும், பத்து அங்குலத்தில் நின்றுபோன பாஸ்களைக் கொஞ்சம் எடுக்காவிட்டால் மற்றவை வளராது. எடுத்ததைச் சமைப்பதற்கு முன், களைக்கொல்லியும் பூச்சிமருந்தும் அந்த நீரில் எவ்வளவு கலக்கின்றன என்று சங்கத்திடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.