120 குதிரையும் ஒரு ஸ்பீட் பிரேக்கரும்

எங்கள் அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் என் வண்டியைப் பார்த்து நிற்பவர்கள் முதலில் கேட்பது "எவ்வளவு ஸ்பீடு போகும் சார்?" அப்புறம் ஒரு சின்ன இடைவெளி விட்டு, குரலைக் கொஞ்சம் இறக்கி, "மைலேஜ் எவ்வளவு கொடுக்குது?" இரண்டேகால் வருஷமாக இதே இரண்டு கேள்விகள். "பின் சீட்டில் உங்க அப்பா எப்படி உட்கார்ந்து வர்றார்?" என்று இதுவரை ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்வதற்கு நிறைய இருக்கிறது.

வண்டி ஹூண்டாய் ஐ20 என் லைன். 2021 செப்டம்பரில் இந்தியாவுக்கு வந்தபோதே ஆசை. ஆனால் அப்போது ஒன்று டிசிடி ஆட்டோமேட்டிக், இல்லையென்றால் கிளட்ச் பெடலே இல்லாமல் கையால் கியர் மட்டும் போடும் ஐஎம்டி. இரண்டும் வேண்டாம் என்று காத்திருந்தேன். 2023 செப்டம்பரில் முகத்தைக் கொஞ்சம் மாற்றி, ஐஎம்டியைத் தூக்கிவிட்டு, மூன்று பெடலோடு ஆறு கியர் மேனுவல் கொடுத்தார்கள். அந்த வருஷக் கடைசியில் நீல நிறத்தில் ஒன்று எடுத்துவிட்டேன். "இந்தக் காசுக்கு எஸ்யூவியே வாங்கியிருக்கலாமே" என்று சொந்தக்காரர்கள் சொன்னது, சொல்லிக்கொண்டிருப்பது, இனியும் சொல்லப்போவது எல்லாம் தனிக் கதை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன், இல்லையென்றால் விஷயம் தெரிந்தவர்கள் சண்டைக்கு வருவார்கள். இது அசல் ஹாட் ஹேட்ச் (சின்ன உடம்பில் பெரிய பவரை அடைத்த கார்) இல்லை, வெதுவெதுப்பான ஹேட்ச். ஐரோப்பாவில் ஐ20 என் என்றே ஒன்று விற்றார்கள், 1.6 லிட்டர் டர்போ, 204 பிஎஸ் (பிஎஸ் என்றால் குதிரைத் திறன்), நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்துக்கு 6.2 நொடி. என்னுடையது ஒரு லிட்டர், மூன்று சிலிண்டர், 120 பிஎஸ், 172 நியூட்டன் மீட்டர் இழுவிசை, 100ஐத் தொடப் பத்து நொடியை ஒட்டி ஆகும். காரணம் வரி. நம் ஊரில் நாலு மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் என்றால் 1200 சிசிக்குள் என்ஜின், இந்த இரண்டும் இருந்தால்தான் சின்னக் கார் கணக்கு. நான் வாங்கியபோது அதற்கு 29 சதவீதம், 2025 செப்டம்பர் 22லிருந்து 18 சதவீதம். அதே உடம்பில் 1.6 லிட்டரை வைத்தால் இன்று 40 சதவீதம். அதனால்தான் வண்டி 3,995 மில்லிமீட்டரோடு நின்றுவிடுகிறது, என்ஜின் 998 சிசியோடு. கோட்டுக்கு உள்ளேயே நின்று எவ்வளவு குதிக்க முடியுமோ அவ்வளவு குதித்திருக்கிறார்கள். அசல் சூடுதான் வேண்டும் என்றால் 2025இல் கோல்ஃப் ஜிடிஐ நேரடி இறக்குமதியாக வந்தது, 265 பிஎஸ், ஷோரூம் விலை 53 லட்சம். எனக்கு அந்த ஆசையே வரவில்லை. (வந்தது. கால்குலேட்டரை எடுத்ததும் போய்விட்டது.)

என் வேலை ஸ்ரீபெரும்புதூர் பக்கம். போரூரிலிருந்து கிளம்பி பூந்தமல்லி, நசரத்பேட்டை, செம்பரம்பாக்கம் தாண்டி இருங்காட்டுக்கோட்டை வழியாகத்தான் போக வேண்டும். ஒரு நடைக்கு முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. இருங்காட்டுக்கோட்டையில்தான் இந்த வண்டியைச் செய்கிறார்கள். 1998இல் முதல் சான்ட்ரோ வெளியே வந்ததும் அதே தொழிற்சாலையிலிருந்துதான். அதே ஊரில்தான் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் ரேஸ் டிராக்கும் இருக்கிறது, 1990இல் திறந்தது, ஒரு சுற்று 3.7 கிலோமீட்டர். ஆக, பிறந்த வீடு ஒரு பக்கம், ஓட வேண்டிய மைதானம் ஒரு பக்கம், நடுவில் ஹைவேயில் ஒரு கன்டெய்னர் லாரியின் பின்னால் முதல் கியரில் ஊர்ந்துகொண்டிருப்பது என் வண்டி. பல நாள் காலையில் என் பக்கத்து லேனிலேயே புது வண்டிகளை ஏற்றிய டிரெய்லர் நிற்கும். மேல் தட்டில் பிளாஸ்டிக் கூடப் பிரிக்காத ஐ20 என்னைக் குனிந்து பார்க்கும். பாவமாக இருக்கும், யாரைப் பார்த்து யாருக்கு என்பது வேறு விஷயம்.

அந்த 120 பிஎஸ்ஸை ஒரு நாளில் நான் எவ்வளவு நேரம் பயன்படுத்துகிறேன் என்று ஒரு வாரம் மனதுக்குள் கணக்கு வைத்துப் பார்த்தேன். நசரத்பேட்டையில் அவுட்டர் ரிங் ரோடு வழியாகப் போகும் நாட்களில், சர்வீஸ் ரோட்டிலிருந்து மேலே ஏறிக் கலக்கும்போது இரண்டாவது கியரில் ஒரு இழுப்பு, மூன்றாவதில் ஒரு இழுப்பு. 2,000 ஆர்பிஎம் வரைக்கும் என்ஜின் தூக்கக் கலக்கத்தில் இருக்கிற மாதிரி இருக்கும். புகையின் வேகம்தான் டர்போ சக்கரத்தைச் சுற்ற வேண்டும், குறைந்த ஆர்பிஎம்மில் அந்தப் புகை பத்தாது, அதனால் அந்த ஒரு கணத் தயக்கம். அதைத் தாண்டியதும் பின்னாலிருந்து யாரோ சட்டையைப் பிடித்துத் தள்ளுகிற மாதிரி கிளம்பும், எக்ஸாஸ்ட் தொண்டையைக் கனைத்துக்கொள்ளும், பின்னால் வரும் டெம்போ கண்ணாடியில் சின்னதாகிவிடும். அதோடு வேக வரம்பு வந்துவிடும், கேமராவும் வந்துவிடும். கூட்டிக் கழித்தால் ஒரு நாளைக்கு நாலு நிமிஷம். மழை நாளில் அதுவும் கிடையாது, ஈரமான திருப்பத்தில் கொஞ்சம் அவசரப்பட்டாலே முன் சக்கரம் சறுக்கி டேஷ்போர்டில் மஞ்சள் விளக்கு கண் சிமிட்டும்.

ஆனால் சஸ்பென்ஷன் நாலு நிமிஷ விஷயம் இல்லை. வண்டியை எடுத்ததிலிருந்து நிறுத்துகிற வரை அதோடுதான் குடித்தனம்.

சாதாரண ஐ20யை விட இதில் டேம்பர்களை, அதாவது குலுக்கலை அடக்கும் ஷாக் அப்சார்பர்களை, இறுக்கி வைத்திருக்கிறார்கள், ஸ்டீயரிங்கிலும் கனம் கூட்டியிருக்கிறார்கள். 80, 90இல் போகும்போது அது வரம். மேம்பாலத்து இணைப்புகள் மேல் டப் டப் என்று ஒரே சத்தத்தில் முடித்துக்கொண்டு அடுத்த நொடி அமைதியாகிவிடும், அலை மாதிரி ஆடிக்கொண்டு வராது. 20இல் போகும்போதுதான் சாபம். எங்கள் தெருமுனையில் ஒரு ஸ்பீட் பிரேக்கர் இருக்கிறது. பெயின்ட் அடித்த நினைவே அதற்கு இல்லை. யாரோ மீந்துபோன தாரைக் கொட்டி, மேலே ஒரு முறை மட்டும் ரோலரை விட்ட மாதிரி, ஒரு பக்கம் உயரம், ஒரு பக்கம் சரிவு. பழைய ஸ்விஃப்டில் அதை நான் கவனித்ததே இல்லை. இதில் முன் சக்கரம் ஏறும்போது ஒரு குத்து, இறங்கும்போது ஒரு குத்து, அப்புறம் பின் சக்கரங்களுக்கு அதே இரண்டு, மொத்தம் நாலு. சக்கரம் சக்கரமாகக் கணக்கு வரும். நேராக ஏறாமல் கொஞ்சம் கோணலாக, சரிவான பக்கத்தில் இடது சக்கரத்தை முதலில் விட்டு, கிளட்ச்சைப் பாதி பிடித்து ஏற்றினால் குத்து குறையும் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று மாதம் ஆனது. இப்போது தூக்கத்திலும் அப்படித்தான் ஏற்றுவேன். பின்னால் வரும் பைக்காரர் "என்ன இவன் ரோட்டுக்குக் குறுக்கே போறான்" என்று ஹாரன் அடிப்பார். அடிக்கட்டும்.

டயரும் இதில் கூட்டுக் களவாணி. பழைய ஸ்விஃப்டில் 165/80, 14 இஞ்ச் சக்கரம். டயரின் அகலம் 165 மில்லிமீட்டர், பக்கவாட்டு உயரம் அதில் 80 சதவீதம். அதாவது ரோட்டுக்கும் ரிம்முக்கும் நடுவே 132 மில்லிமீட்டர் ரப்பர். இதில் 195/55, 16 இஞ்ச். கணக்குப் போட்டால் 107. ஒரு இஞ்ச் ரப்பர் குறைவு. கேட்க ஒன்றும் பெரிதாகத் தெரியாது. போன வருஷம் ஒரு மழை ராத்திரியில் தண்ணீர் தேங்கிய பள்ளத்தில் இறக்கியபோதுதான் அந்த ஒரு இஞ்சின் அருமை தெரிந்தது. தடார் என்று ஒரு சத்தம், வயிற்றுக்குள் கேட்டது. வண்டி அப்போது நன்றாகத்தான் ஓடியது. மறுநாள் காலையில் காற்றுப் பிடிக்கப் போன இடத்தில் டயர் கடைக்காரர் குனிந்து, கட்டைவிரலால் டயரின் பக்கவாட்டைத் தடவி, "இங்க பாருங்க சார், பல்ஜ்" என்றார். பாதி எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு கொப்புளம். உள்ளே நூல் அறுந்துவிட்டது, இனி எப்போது வேண்டுமானாலும் வெடிக்கலாம், பஞ்சர் மாதிரி ஒட்ட முடியாது. ஒரு புது டயரைப் போட்டால் மற்றது தேய்ந்தது, இரண்டும் ஒத்துப்போகாது, அதனால் முன்னால் ஜோடியாகவே மாற்றச் சொன்னார். அவர் சொன்னது நியாயம்தான், என் பர்ஸுக்குத்தான் நியாயமாகப் படவில்லை.

அன்றிலிருந்து தண்ணீர் தேங்கிய இடம் எதுவானாலும் எனக்கு அது கிணறு. வேகமான வண்டி வாங்கி, தெருவிலேயே மெதுவாகப் போகிற ஆள் நான்தான் என்று ஆகிவிட்டது. ஷேர் ஆட்டோ என்னை முந்திக்கொண்டு போகும்.

மைலேஜ் கேட்டவர்களுக்கு: பூந்தமல்லியில் மெட்ரோ வேலை நடக்க, ஏசி ஓட, முதல் கியருக்கும் இரண்டாவதுக்கும் நடுவே வாழ்ந்த நாட்களில் 10, 11. ஹைவேயில் 90ஐ விட்டு ஏறாமல் போனால் 17. கால் கொஞ்சம் துடித்தால் 13. 37 லிட்டர் டேங்க், வாரத்துக்கு ஒரு முறை பங்க்கில் நிற்பேன், பையனுக்கு என் முகம் தெரியும். யானையைக் கட்டித் தீனி போடுகிற அளவுக்கெல்லாம் இல்லை, ஒரு குட்டி யானை என்று வைத்துக்கொள்ளலாம். இடது முட்டி வலிப்பது மேனுவல்தான் வேண்டும் என்று அடம்பிடித்ததற்கான கூலி, அதைப் பற்றி வீட்டில் நான் வாயே திறப்பதில்லை.

யாரும் கேட்காத இன்னொன்று பிரேக். சாதாரண ஐ20இல் பின்னால் டிரம், இதில் நாலு சக்கரத்துக்கும் டிஸ்க். செம்பரம்பாக்கம் பக்கம் மீடியன் இடைவெளியில் இருந்து எதிர்த்திசையில் பைக் வருவது தினசரி வழிபாடு மாதிரி. வண்டி கோணாமல், பதறாமல் நேராக நிற்கும் அந்த நொடிகளுக்காகவே கொடுத்த காசு செரித்துவிடும் எனக்கு. என்ஜினைப் பற்றிப் பேசுகிற நேரத்தில் பாதியை இதற்குக் கொடுக்கலாம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆபீஸ் நண்பன் ஒருவன் இழுத்துப் போக, அந்த இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் டிராக் டேக்கு, அதாவது நம் சொந்த வண்டியையே ரேஸ் டிராக்கில் ஓட்டிப் பார்க்கிற நாளுக்கு, போனேன். டிக்கியிலிருந்த குடை, அம்மாவின் கோயில் பை, பழைய தண்ணீர் பாட்டில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து ஒரு தூண் ஓரம் வைத்துவிட்டு, கடன் வாங்கிய ஹெல்மெட்டைப் போட்டுக்கொண்டு இறங்கினேன். முதல் சுற்று பயம். இரண்டாவது சுற்றில் ஒரு நீண்ட வலது திருப்பத்தில் வண்டி சாயவே இல்லை. நான்தான் கதவோடு ஒட்டிக்கொண்டேன், வண்டி நிமிர்ந்தபடி, நான் காட்டிய கோட்டில் தையல் ஊசி மாதிரி போனது. வாரம் பூராவும் தெருமுனையில் நான் திட்டுகிற அதே இறுக்கம்தான். இங்கே ரோடு வழவழவென்று இருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். வண்டி இந்தச் சமதளத்துக்காகச் செய்யப்பட்டிருக்கிறது, நான் அதைத் தெருமுனைத் தார்க்குவியல் மேல் ஏற்றிவிட்டுக் கோபித்துக்கொள்கிறேன் என்று அன்றைக்கு உறைத்தது. நாலாவது சுற்றில் பிரேக் சூடாகிக் கருகின வாசனை வந்தது, ரோட்டுக்கான பிரேக் பேடு எதுவானாலும் டிராக்கில் அப்படித்தான் என்றார்கள், ஒரு சுற்று மெதுவாக ஓட்டி ஆறவைத்துவிட்டு வெளியே வந்தேன். திரும்பும் வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வீடு வந்தேன். கோயில் பையை அந்தத் தூண் ஓரமே மறந்துவிட்டேன். அதற்கு வாங்கிக் கட்டிக்கொண்டது தனி.

அதனால் யாராவது இந்த மாதிரி வண்டி எடுக்கலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தால் நான் சொல்வது ஒன்றுதான். டெஸ்ட் டிரைவ் என்று ஷோரூம்காரர் கூட்டிப்போகிற பைபாஸ் ரோட்டில் ஓட்டாதீர்கள், அங்கே எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். உங்கள் தெருவுக்குக் கொண்டுவாருங்கள். வீட்டிலேயே வயதானவர் யாரோ அவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து, உங்கள் தெருமுனை ஸ்பீட் பிரேக்கரில் ஏற்றி இறக்கி, கண்ணாடியில் அவர் முகத்தைப் பாருங்கள். பவரை அப்புறம் பார்க்கலாம்.

எங்கள் வீட்டில் அந்தப் பரீட்சை வண்டி வாங்கிய பிறகுதான் நடந்தது. முதல் மாதம் காஞ்சிபுரம் போய்விட்டு வந்தபோது அம்மா, "என்னடா இது, மாட்டு வண்டில வந்த மாதிரி இருக்கு" என்று ஒரே வரியில் முடித்துக்கொண்டாள். அதிலிருந்து முன் சீட் அம்மாவுக்கு. அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அவர் தனக்கு ஒரு வழி பண்ணிக்கொண்டார். ஸ்பீட் பிரேக்கர் வருகிறது என்றால் கூரையோரப் பிடியை இரண்டு கையாலும் பிடித்து, சீட்டிலிருந்து நாலு விரக்கடை உடம்பைத் தூக்கிக்கொள்வார், நாலு குத்தும் முடிந்ததும் உட்காருவார். பேச்சை நிறுத்துவதுகூடக் கிடையாது, ஓய்வூதியத்தைப் பற்றிச் சொல்லிக்கொண்டே எழுந்து, சொல்லிக்கொண்டே உட்காருவார்.

போன தைப்பொங்கலுக்கு என் மச்சான் தன் புது எஸ்யூவியில் எங்கள் எல்லாரையும் ஏற்றிக்கொண்டு போனான். மெத்தை மாதிரி வண்டி, ஸ்பீட் பிரேக்கர் இருந்ததே தெரியவில்லை. ஆனால் தெருமுனை வந்ததும் அப்பா வழக்கம்போல் பிடியைப் பிடித்து எழுந்துவிட்டார். மச்சான் கண்ணாடியில் பார்த்து, "என்ன மாமா, இறங்கணுமா?" என்றான்.